தோட்டமும் பூங்காவும்: நுவரெலியா விக்டோரியாப் பூங்காவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழில் ‘தோட்டம்’ என்னுஞ் சொல் பூஞ்செடிகள் நாட்டப்பெற்ற நிலத்தை முதன்மையாகக் குறிப்பதில்லை. தேயிலை மலை, தொழிற்சாலை, லயம், கோயில், பிள்ளைக்காம்பரா, துரை பங்களா ஆகிய யாவற்றையும் உள்ளடக்கிய வாழ்விடத்தையே அச்சொல் சுட்டுகின்றது. “எந்தத் தோட்டம்?” என்ற வினா “எந்த ஊர்?” என்னும் வினாவுக்கு ஈடாக அங்கு வழங்குவதும் இதனாலேயாகும். பூக்களும் புற்றரையும் உள்ள இடத்தைக் குறிப்பதற்குப் ‘பூங்கா’ என வேறொரு சொல் வேண்டியதாயிற்று. நுவரெலியா நகரின் நடுவே 27 ஏக்கர்ப் பரப்பில் அமைந்துள்ள விக்டோரியாப் பூங்காவின் வரலாற்றை நோக்கப் புகுவார்க்கு இச்சொல் வேறுபாடு நல்லதொரு தொடக்கமாகும். இப்பூங்கா முதலில் அழகு கருதி எழுந்த ஒன்றன்று. ஹக்கல தாவரவியற் பூங்காவின் ஆய்வு நிலமாக இருந்து, பின்னரே பொதுமக்களுக்குரிய பூங்காவாக மாறியது. தேயிலைத் தோட்டத்துக்கு வழிவகுத்த அதே தாவரவியல் முயற்சிதான் இப்பூங்காவையும் தந்தது. ஆகவே தோட்டத்தின் வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் பூங்காவின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

நுவரெலியாவின் வரலாற்றை எழுதும் ஆங்கில நூல்கள் பல, 1819ஆம் ஆண்டில் மருத்துவர் ஜோன் டேவி அவ்விடத்தைக் ‘கண்டுபிடித்ததாக’ எழுதுகின்றன. கண்டி இராச்சியத்தின் மக்கள் அறிந்திருந்த, அவர்களாற் பெயரிடப்பட்டிருந்த ஓர் இடத்தைப் புதிதாகக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்று எவரும் கேட்கக்கூடும். ஐரோப்பியர் வரலாற்றில் ‘கண்டுபிடிப்பு’ என்பது பெரும்பாலும் உரிமை கோருவதற்கான முதற் படியாகவே அமைந்தது. டேவியைத் தொடர்ந்து தேசாதிபதி எட்வர்ட் பாண்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த இக்குளிர்ந்த சமவெளியை ஆங்கிலேயரின் உடல்நல வாழிடமாக்க முற்பட்டார். அவர் தமக்கெனக் கட்டுவித்த இல்லமே பிற்காலத்தில் ‘கிராண்ட் ஹோட்டல்’ ஆயிற்று. 1848இல் இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர், ஆங்கிலக் கிராமமொன்றைப் பெயர்த்துவந்து நடுவதுபோல், தம் நாட்டு மக்களையும் கால்நடைகளையும் வேளாண்மைக் கருவிகளையும் கொண்டுவந்தார். அவருடைய பண்ணை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எனினும் இங்கிலாந்தின் காய்கறிகள் இம்மண்ணில் வேரூன்றின. இன்று கொழும்புச் சந்தையில் நுவரெலியாவின் பெயரால் விற்கப்படும் கரட்டுக்கும் லீக்சுக்கும் கோவாவுக்கும் பின்னால் இவ்வரலாறு உண்டு.

பேக்கரின் பண்ணையைவிட நிலைத்த மாற்றத்தை விளைவித்தது ஹக்கல ஆகும். நகரிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில் ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில், செங்குத்தான பாறை மலையின் அடியில், 1861இல் அரசாங்கம் ஒரு பரிசோதனைத் தோட்டத்தை அமைத்தது. அக்காலத்திற் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பிலிருந்தவர் ஜி. எச். கே. துவைற்ஸ் என்னும் அறிஞர். ஹக்கலவின் நோக்கம் ரோசா வளர்ப்பதன்று, சிங்கோனா வளர்ப்பது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா இம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. அம்மரமோ தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளுக்கு உரியது. வெப்ப நாடுகளை ஆண்ட பேரரசுகளுக்குப் படைவீரரையும் அலுவலரையும் உயிரோடு வைத்திருக்கும் மருந்து இன்றியமையாததாயிருந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பெருவுக்குச் சென்ற குழுவினர் விதைகளையும் நாற்றுகளையும் கொண்டுவந்தனர். இங்கிலாந்தின் கியூ பூங்கா, நீலகிரியின் உதகமண்டலம், இலங்கையின் ஹக்கல ஆகியன ஒரே வலையின் கண்ணிகளாயின. பேரரசின் படைக்கப்பல்களைப் பற்றி எழுதுவோர் அதன் நாற்றுமேடைகளைப் பற்றிப் போதிய அளவு எழுதுவதில்லை. ஆயினும் ஏகாதிபத்தியத்தின் பொருளாதார அடித்தளத்தை இடுவதில் நாற்றுமேடை பீரங்கிக்குச் சற்றும் குறைந்ததன்று.

சிங்கோனா மீது தோட்டத் துரைமார் தொடக்கத்தில் அதிகம் அக்கறை காட்டவில்லை. கோப்பி அவர்களுக்குப் பொன் விளைவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் 1869இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. ‘ஹெமிலெயா வஸ்டாட்ரிக்ஸ்’ என்பது அந்நோயை உண்டாக்கிய பூஞ்சணத்தின் பெயர். துரைமார் அப்பெயரை ‘நாசகார எமிலி’ எனப் பொருள்படத் திரித்து வழங்கினராம். அழிவின் நடுவிலும் கேலிக்கு இடமிருந்தது போலும். கேலி பேசிய துரைமார் பலர் கடனில் மூழ்கி நாடு திரும்பினர். கோப்பிக்கு மாற்றாகச் சிங்கோனாவை நோக்கி ஏனையோர் விரைந்தனர். 1880களின் நடுவில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி உச்சத்தை எட்டியது. அந்தப் பெருக்கமே உலகச் சந்தையில் விலையை வீழ்த்தியது. யாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த, மருந்துச் சத்து மிகுந்த சிங்கோனா எஞ்சிய இடத்தையும் பிடித்துக்கொண்டது.

மூன்றாவதாக வந்ததே நிலைத்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து பெறப்பட்ட விதைகளைக் கொண்டு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நூற்றாண்டு முடியுமுன் தேயிலை நிலம் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் வந்தடைந்தது.

இங்கு ஒரு செய்தியை அழுத்திக் கூறல் வேண்டும். கோப்பி ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் பயிர். அதன் அறுவடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரிற் பெரும்பாலானோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த அப்பயணத்திற் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். தேயிலையின் இயல்பு வேறு. அதன் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் கிள்ளப்பட வேண்டியது. கிள்ளியதை உடனே தொழிற்சாலைக்குச் சேர்க்க வேண்டியது. ஆகவே பருவத்துக்கு வந்து போகும் ஆண்கள் போதாமல், குடும்பம் குடும்பமாக ஆண்டு முழுவதும் மலையில் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் இத்தேவைக்கு இரையளித்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராவில் ஒரு சமுதாயம் பிறந்தது. ஒரு செடியின் தாவரவியற் பண்பு ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை இத்துணை நேரடியாகத் தீர்மானித்தமைக்கு உலக வரலாற்றிற் கரும்பையும் பருத்தியையும் விட்டால் வேறு எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

சிங்கோனாவின் ஆதாயம் மங்கிய காலத்திலேயே ஹக்கல அழகுப் பூங்காவாக உருமாறத் தொடங்கியது. 1884 அளவிலிருந்து குளிர்நாட்டு மலர்களும் பன்னங்களும் ரோசாவும் அங்கு இடம்பெற்றன. வில்லியம் நொக் என்பவர் அதன் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய காலம் அது. பரிசோதனைக்குரிய பயிர் பயனற்றுப்போன இடத்திற் பார்வைக்குரிய பயிர் புகுந்தது எனலாம். ஹக்கலவின் ஆய்வு நிலமாயிருந்த நகர்ப் பகுதியும் இதே வழியிற் சென்றது. விக்டோரியா மகாராணியார் அரியணையேறிய அறுபதாம் ஆண்டின் வைர விழா 1897இற் பேரரசெங்கும் கொண்டாடப்பட்டபோது, அந்நிலம் அவர் பெயரைத் தாங்கிய பொதுப் பூங்காவாயிற்று. ஜெர்மானிய இளவரசி ஒருவர் ஓக் மரக்கன்றொன்றை நாட்டித் திறப்பைக் குறித்தார் என்று கூறப்படுகின்றது. மலையகத்தின் மண்ணில் ஆங்கில மகாராணியின் பெயரால் ஐரோப்பிய மரமொன்றை ஜெர்மானியப் பெண்மணி நடுகின்ற அக்காட்சி, அந்நூற்றாண்டின் உலக ஒழுங்கைச் சில அடி நிலத்திற் காட்டிவிடுகின்றது. கன்றை நட்டவரை வரலாறு நினைவிற் கொண்டது. குழியை வெட்டியவரை நினைவிற் கொள்ளவில்லை.

1897 என்னும் ஆண்டு இன்னொரு வகையிலும் கருதத்தக்கது. அவ்வாண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமே தரிசு நிலச் சட்டமாகும். அறிவித்தல் வெளியாகி மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராத காட்டையும் சேனையையும் தரிசையும் முடிக்குரிய நிலமென அறிவிக்க அது வகைசெய்தது. 1840ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் இலக்கச் சட்டம் தொடங்கிவைத்த செயலின் தொடர்ச்சியே இது. எழுத்து உறுதி இல்லாத சிங்கள விவசாயி தன் ஊரின் மேட்டுநிலத்தை இழந்தான். அந்நிலத்திற் தோட்டம் எழுந்தது. அத்தோட்டத்தில் உழைக்கத் தமிழன் கொண்டுவரப்பட்டான். நிலம் இழந்தவனும் நிலமே இல்லாதவனும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்குமாறு வைத்த ஏற்பாட்டின் விளைவை இலங்கை பிற்காலத்திற் பெரும் விலை கொடுத்து அறிந்தது. ஒரே ஆண்டில், ஒரே ஆட்சி, ஊரவரின் பொதுநிலத்தை முடிக்குச் சேர்க்கும் சட்டத்தையும் இயற்றிற்று. முடியின் பெயரால் நகரவர்க்குப் பொதுப் பூங்காவையும் தந்தது.

‘பொது’ என்னுஞ் சொல்லை ஆராயவேண்டிய இடம் இதுவே. பொதுப் பூங்கா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்களிற் தோன்றிய எண்ணமாகும். 1847இற் திறக்கப்பட்ட பேர்க்கன்ஹெட் பூங்கா பொதுப் பணத்தில், கட்டணமின்றி, எல்லா வகுப்பாருக்கும் உரியதாக அமைந்தமைக்குப் பெயர்பெற்றது. புகையும் நெருக்கமும் மிகுந்த நகரத் தொழிலாளிக்குத் தூய காற்று வேண்டும் என்பது அதன் பின்னணியிலிருந்த வாதம். நுவரெலியாவில் இவ்வாதத்துக்கு இடமேயில்லை. தூய காற்றுக்கு அங்கு குறைவில்லை. நகரத் தொழிலாளியும் அங்கில்லை. குதிரைப் பந்தயத் திடல், 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகெரியின் காலத்தில் அமைந்த வாவி, 1876இல் தோன்றிய மலைக் கழகம், 1889ஆம் ஆண்டின் கோல்ப் மைதானம் என வளர்ந்த ஓர் ஓய்வு நகரின் வரிசையிலேயே பூங்காவும் சேர்ந்தது. பெயர் பொதுவாக இருந்தது. பயன்பாடு துரைமாருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் விடுமுறை அலுவலருக்குமே பெரும்பாலும் உரியதாக இருந்தது.

சுதந்திரத்தின் பின்னரும் அச்சொல்லின் சிக்கல் தீரவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளராக நுவரெலியாத் தொகுதியிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலைத் தொகுதியிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் பதினெட்டாம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. நகரின் பொதுப் பூங்காவுக்கு மேலும் கீழுமாக, நாற்புறமும் உள்ள மலைகளில் உழைப்போர் ‘பொது’ என்னும் வரையறைக்குள் சட்டப்படி அடங்காதவராயினர். வேலுப்பிள்ளை இம்மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடினார். சக்தி அ. பாலையா அதனைத் தமிழாக்கி இட்ட பெயர் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்பதாகும்.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீட்டை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் முடித்தது. கப்பலேறியோரிற் பலர் குடியமர்த்தப்பட்ட இடம் நீலகிரியாகும். அவர்களுக்கு வேலை வழங்குவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் அங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. நுவரெலியாவை விட்டு அனுப்பப்பட்டவன் மீண்டும் ஒரு தேயிலை மலைக்கே, அதுவும் 1848இல் மக்கைவர் அமைத்த தாவரவியற் பூங்காவுள்ள உதகமண்டலத்தின் அருகிற்கே போய்ச் சேர்ந்தான். கியூவிலிருந்து விரிந்த அவ்வலையை முன்பு நாற்றுகள் கடந்தன. இம்முறை அதே வலையின் இரு கண்ணிகளுக்கிடையே மனிதர் கடந்தனர்.

பூங்காவின் இன்றைய தோற்றத்துக்கு வருவோம். நகரின் பிரதான வீதியிலிருந்து உள்ளே செல்வோரை நேர்த்தியான பாத்திகளும் ரோசாக்களும் உயர்ந்த மரங்களும் வரவேற்கின்றன. மார்ச் முதல் மே வரையும், ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் மலர்கள் நிறைந்திருக்கும். நுவரெலியா மாநகரசபை பூங்காவைப் பராமரித்து நுழைவுக் கட்டணம் அறவிடுகின்றது. சிறுவர்க்கென விளையாட்டிடமும் ஒரு சிறு புகையிரதமும் உண்டு. அச்சிறு வண்டியைக் காணும்போது உண்மையாகவே நுவரெலியாவுக்கு ஓடிய சிறு புகையிரதம் நினைவுக்கு வருதல் இயல்பு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1904இல் நிறைவுபெற்ற அக்குறும்பாதை, தேயிலைப் பெட்டியையும் உரத்தையும் மனிதரையும் சுமந்தது. வீதிப் போக்குவரத்துப் பெருகிய பின் 1940களில் அது கைவிடப்பட்டது. தண்டவாளம் பெயர்ந்துபோன நகரில் விளையாட்டு வண்டி எஞ்சியிருக்கின்றது.

பறவையியலார்க்கு இப்பூங்கா அரியதோர் இடம். பூங்காவை ஊடறுத்து ஓடும் நீரோடை நகரின் அழுக்கையும் சுமந்துவருவதை மறைப்பதற்கில்லை. எனினும் அந்த ஈரமும் நிழலும் பூச்சிகளை ஈர்க்க, பூச்சிகள் பறவைகளை ஈர்க்கின்றன. இலங்கை மலைநாட்டுக்கே உரிய நீலநிற ஈப்பிடிப்பானும், செவியருகே மஞ்சள் இறகுடைய கொண்டைக்குருவியும், கண்ணைச் சுற்றி வெண்வளையமுடைய சிறுகுருவியும் இங்கு காணப்படும். இவற்றினும் பெயர்பெற்ற விருந்தாளி காஷ்மீர ஈப்பிடிப்பான். இமயத்தின் வடமேற்குச் சரிவுகளில் குஞ்சு பொரிக்கும் இச்சிறு பறவை, குளிர்காலம் தொடங்குமுன் இந்தியத் துணைக்கண்டத்தின் நீளம் முழுவதையும் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியையும் இலங்கையின் மலைநாட்டையும் அடைகின்றது, இளவேனிலில் திரும்புகின்றது. ஆறுமணிக்குருவியும் இவ்வாறே வடக்கிலிருந்து வருவது. இவற்றைக் காண்பதற்கென உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கண்ணாடியுடன் வந்து ஓடையோரத்தில் மணிக்கணக்காக நிற்கின்றனர்.

பெயர் பற்றியும் ஒரு சொல். கொழும்பிலும் ஒரு விக்டோரியாப் பூங்கா இருந்தது. சுதந்திரத்தின் பின் அதற்குத் துட்டகைமுனுவின் தாயாகிய விகாரமகாதேவியின் பெயர் சூட்டப்பட்டது. நுவரெலியாவின் பூங்கா மட்டும் பழைய பெயரோடேயே நிற்கின்றது. சுற்றுலாவுக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்னும் படிமம் தேவைப்படுவதே இதன் காரணமெனக் கொள்ளலாம். குடியேற்ற ஆட்சியின் நினைவு தலைநகரில் வெட்கத்துக்குரியதாகவும் மலைநகரில் விற்பனைக்குரியதாகவும் இருக்கின்றது. மலைநாட்டுத் தமிழர்க்கு இந்நிலத்தோடு வேறொரு நினைவும் உண்டு. ஹக்கல மலையடிவாரத்தையே இராமாயணத்து அசோகவனமென மரபு சொல்லுகின்றது; அருகே சீதா எலியவில் ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் இருக்கின்றது. கடல்கடந்து கொண்டுவரப்பட்டு, பூஞ்சோலையொன்றிற் சிறையிருந்த பெண்ணைத் தெய்வமாக வழிபட இம்மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. 2023இல் மலையகத் தமிழர் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். இன்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுநாளில் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பேருந்தேறி நகருக்கு வருவதும், பூங்காவிற் பிள்ளைகளை விளையாட விடுவதும், பாத்திகளின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் பூங்காவின் பெருநாள் ஏப்ரல் ஆகும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பின் வசதிபடைத்தோர் மலையேறுகின்றனர்; குதிரைப் பந்தயமும் மோட்டார்ப் பந்தயமும் நடைபெறுகின்றன; பாத்திகள் அம்மாதத்துக்கென்றே மாதக்கணக்காக ஆயத்தம் செய்யப்படுகின்றன. பருவமழைகளுக்கு இடைப்பட்ட அவ்வேளையில் வெயிலும் மழையும் மாறிமாறி வருவதால், பூங்காவில் மலர் நிறையும் அதே வாரங்களில் மலையிற் கொழுந்தும் நிறைகின்றது. தோட்டத்தில் அதனை ‘கொழுந்து மலியும் காலம்’ என்பர். அப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு.